மாப்பிள்ளை மதுரைக்குப் போயிருக்கார்

கஞ்சியக் குடி தம்பி. ஆறிப்போனா கம்பங்கஞ்சி தொண்டையில எறங்காது. வெங்காயத்தக் கடிச்சுக்கோ. வண்டியிலேயே இருந்துக்கிறேன்னு சொன்னியாமே, வாட்ச்மேன் காசிலிங்கம் வந்து சொன்னாரு. அது எப்படி? உப்பு கொண்டு வந்தவன வாசல்லயே நிறுத்தி அனுப்பிட்டான்னு நாளைக்கு நாலு பேரு பேசுவாக. ஏற்கெனவே என்னையப் பத்திப் பேச்சுக்குக் கொறைச்சல் இல்ல.

உன்னைய உள்ள கூப்பிட்டது கஞ்சிக்காக மட்டும் இல்லப்பா. எம்மக ரேணுகா காலையில உங்கிட்டப் பேசுனா, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மதுரை வரைக்கும் உன் லாரியில வர்றேன்னு கேட்டாளா? நீயும் சரின்னுட்ட. அதோட விட்டியா? அங்க பெரிய ஆஸ்பத்திரிய மறுபடி தொறந்துட்டாகன்னு சொல்லி, உன் மச்சினன் அங்கதான் இருக்கான்னு சொல்லி, கூடவே நின்னு அவ புருசனத் தேடித் தர்றேன்னு வாக்கு வேற குடுத்திருக்க. நல்ல மனசுதான். நான் தப்புச் சொல்லல. ஆனா டீசலுக்கு இந்தப் பாடு படுற காலத்துல, இல்லாத ஆளத் தேடி எதுக்குத் தம்பி ஊர் சுத்தணும்? அதான் கூப்பிட்டேன். அவ துணிமணி எடுத்து வச்சு வர நேரமாகும். அதுக்குள்ள சொல்லிர்றேன்.

நான் இந்த மில்லுல பொம்பளப்பிள்ளைக ஹாஸ்டலுக்கு வார்டன். ரெங்கநாயகின்னா யாருக்கும் தெரியாது, வார்டனம்மான்னா சாத்தூர் வரைக்கும் தெரியும். துடிப்பு வந்தப்ப நீ கரையிலயே இல்லையாமே? தோணியில மாலத்தீவுக்குப் போயிருந்தியாம். கொடுத்து வச்சவன். கரையில இருந்து பாத்திருந்தா இந்தக் கதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல.

மணிக்கட்டுல ஊசி வச்சு எல்லாருக்கும் ஒரு சில்லு ஏத்துனாகள்ல? அரிசி அரிசின்னு சொல்லுவோமே. சக்கரை, பிரஷர் எல்லாம் அதுவே பாத்துச் சொல்லும். ரேஷன் கடையில கைய நீட்டுனாப் போதும், பஸ்ல கைய நீட்டுனாப் போதும். ஆகா ஓகோன்னாக. ஆடி மாசம், காத்து மண்ணள்ளி வீசிக்கிட்டிருக்கு, அந்த அரிசிக்கு என்னமோ பிடிச்சிருச்சு. வைரஸ்னாக, எவனோ வேணும்னே அனுப்புனான்னாக. யாரு கண்டா? மொதல்ல விரல் துடிக்கும், அறுந்த பல்லி வாலு கணக்கா. அப்புறம் கை. அப்புறம் தாடை. நாக்கக் கடிச்சுக்கிட்டு ஆளு போய்ச் சேர்ந்துரும். இது மனுசனுக்கு மனுசன் ஒட்டுற நோய் இல்ல தம்பி, அரிசிக்கு அரிசி ஒட்டுற நோய். துடிக்கிறவன் பக்கத்துல போய் நின்னாலே போதும், உன் கையில இருக்கறதும் ஆரம்பிச்சுரும். அப்பனத் தூக்கப் போன மகன் விழுந்தான். மகனத் தூக்கப் போன ஆத்தா விழுந்தா. சாத்தூர்ல சில தெருவுல பொணம் எடுக்க ஆளில்ல.

எங்க பிள்ளைகளுக்கு அரிசி கெடையாது. ஊசி போட்டா ரெண்டு நாள் கை வலிக்கும், ஷிப்டு நிக்கும்னு முதலாளி தள்ளிக்கிட்டே வந்தாரு. ஹாஸ்டல் கதவப் பூட்டிருவேன், போனையும் நான் வாங்கிப் பூட்டி வச்சிருவேன். அப்ப என்னைய என்ன வசவு வஞ்சாளுக! ராட்சசின்னு கக்கூஸ் சுவத்துல எழுதி வச்சாளுக. கடைசியில அந்த ராட்சசி பூட்டுன பூட்டுலதான் அத்தனையும் உசுரோட இருந்துச்சு. ஒருத்தி, ஒரே ஒருத்தி, "நீங்க நல்லா இருக்கணும் வார்டனம்மா"ன்னு சொல்லியிருப்பாளான்னு நெனைக்கிற? இல்ல.

மொத வாரமே ரோட்டுல இருந்து ஜனம் வர ஆரம்பிச்சிருச்சு. மில்லுல கெணறு இருக்கு, காம்பவுண்டு சுவரு இருக்கு, கேண்டீன்ல மூட்டை மூட்டையா அரிசி இருக்கு. நான் திங்கிற அரிசியச் சொல்றேன். வராமயா இருப்பாக? வந்து வாசக் கேட்டுக் கம்பியப் பிடிச்சு உலுக்குறாக. அதுல பாதிப் பேருக்கு விரல் துடிக்குது. துடிக்காதவனும் கைய அறுத்துத் துணி சுத்திக்கிட்டு, "எடுத்துட்டோம் தாயி, அரிசிய எடுத்துட்டோம்"ங்குறான். எவன நம்புறது? நர்ஸ் செல்வராணின்னு ஒருத்தி, மில்லு டிஸ்பென்சரியில இருந்தா, எளகுன மனசு. அரிசி இல்லாத நம்ம பிள்ளைகளுக்கு எப்படி ஒட்டும், ஒவ்வொருத்தரா விட்டு சோதிச்சுப் பாப்போம்ங்குறா. அதுக்குள்ள கேட்டு சாயுது தம்பி. நான் பாத்தேன். கேண்டீன்ல உலை கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. நாலு பிள்ளைகளக் கூப்பிட்டு அண்டாவோட தூக்கிட்டு வரச் சொல்லி, கம்பியப் பிடிச்சிருந்த கையி பூராவும் ஊத்துனேன்.

அப்படிப் பாக்காத. கேட்டு நின்னுச்சுல்ல? அதச் சொல்லு.

செல்வராணி அன்னைக்கு சாயந்தரமே வெளிய போயிட்டா. வெந்த கையிகளுக்கு மருந்து போடப் போறாளாம். போ, ஆனா திரும்பி வரக்கூடாதுன்னேன். வரல.

அதுக்கப்புறம் நான் ஒரு ஒழுங்கு வச்சேன். கேட்டுல பிள்ளைக எதையாச்சும் ஒளிச்சு எடுத்துட்டுப் போறாகளான்னு தடவிப் பாக்க ஒரு கருவி உண்டு, இரும்பு பட்டா கீங்னு கத்தும். வர்றவன் உடம்பு பூரா அத வச்சுத் தடவுறது. கத்துனா வெளிய. கத்தலைன்னா உள்ள. பெரியவன் சின்னவன், பணக்காரன் ஏழை எதுவும் கெடையாது. எல்லாருக்கும் ஒரே ஒழுங்கு. நிறைமாசக்காரி ஒருத்தி வந்தா, கத்துச்சு, அனுப்பிட்டேன். மெட்டியாத்தான் இருக்கும்னு காசிலிங்கம் சொன்னாரு. இருக்கலாம். கழட்டிட்டு வந்திருக்கணும்ல?

எங்க அண்ணனா? யாரு சொன்னா உனக்கு? காசிலிங்கமா? அந்தாளுக்கு வாயில பூட்டுப் போடணும். ஆமா, அந்தா கொட்டகையில கட்டில் போட்டுப் படுத்திருக்காகளே, அவுகதான் எங்கண்ணன் கோபால்சாமி. நெஞ்சுல கருவி வச்சிருக்காக. இருதயம் தாளந்தப்பாம இருக்க வைப்பாகள்ல, அதான். கத்துச்சுதான். உள்ள விட்டேன்தான். அது வேற தம்பி. அண்ணன் உடம்பு எனக்குத் தெரியும். ஒரு வயித்துல பொறந்தவுக. கருவி வச்சது அரிசி வர்றதுக்கு முந்தி, பழைய கருவி. அதுல என்ன நோய் வரும்? பாரு, இன்னைக்கு வரைக்கும் கல்லுக்குண்டா இருக்காக. நான் எடுத்த முடிவு சரிதான்னு அதுலயே தெரியலையா?

இப்ப எம்மக கதைக்கு வர்றேன்.

ஒரே பொண்ணு. படிக்க வச்சேன். சிவகாசியில வேலைக்குப் போன எடத்துல ஒருத்தன இழுத்துக்கிட்டு வந்து நின்னா. பேரு இருதயராஜ். பேருதான் இருதயம், இருந்ததோ ஓட்டை இருதயம். அவனுக்கும் நெஞ்சுல அதே கருவி. வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக. நம்ம ஆளுக இல்ல. நான் ஒண்ணும் அத மனசுல வச்சுக்கல. கல்யாணத்துக்குப் போகல, அவ்வளவுதான். வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னேன், அவ்வளவுதான். அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாத. காசிலிங்கம் போடுறாரு.

ஆடி கடைசியில ரெண்டு பேரும் வந்தாக. சிவகாசியில இருந்து நடந்தே வந்திருக்காக. அவ மணிக்கட்டுல இருந்த அரிசிய அவனே பிளேடால கீறி எடுத்து, வேட்டியக் கிழிச்சுக் கட்டியிருந்தான். அவனுக்கு அவனே கீறிக்கிட்டானாம். பாதி வழியில அவளுக்குக் காய்ச்சல் கண்டு நடக்க மாட்டாம, தோள்ல தூக்கிட்டு வந்திருக்கான். நெஞ்சுல கருவிய வச்சுக்கிட்டு! முட்டாப்பய. வந்து கேட்டுக்கு வெளிய எறக்கி விட்டுட்டு, மூச்சு வாங்கிக்கிட்டே, "அத்தே, இவளுக்கு மொத தண்ணி குடுங்க"ங்குறான். அத்தையாம்.

கருவிய வச்சுத் தடவுனேன். எம்மகளுக்குக் கத்தல, கழுத்துத் தாலிப் பக்கம் நான் கொண்டு போகல. அவன் நெஞ்சுக்குப் போனதும் கீங்னுச்சு.

ஒழுங்குன்னா ஒழுங்குதானே தம்பி?

மகளுகிட்ட நைசா சொன்னேன். "நீ மொத வாடி, புண்ணுக்கு மருந்து போடணும், மாப்பிள்ளைய அப்புறம் கூப்பிட்டுக்கலாம்"னேன். மாப்பிள்ளைன்னு நான் சொல்லி அவ கேட்டதே இல்லையா, முகமெல்லாம் அப்படியே மலர்ந்து போச்சு. அவனும், "போ ரேணு, அத்தைதான் கூப்பிடுறாங்கல்ல"ன்னு முதுகுல கை வச்சு அனுப்பி விட்டான். கேட்டுல இருக்கற சின்னத் திட்டிவாசல் வழியா உள்ள இழுத்தேன். பூட்டுனேன்.

கத்துனா பாரு. அந்தக் கத்து. தூக்கிட்டுப் போய்ப் பஞ்சு குடோன்ல போட்டுப் பூட்டச் சொன்னேன். பஞ்சுப் பொதிக்கு நடுவுல இருந்து கத்துனா ஒரு சத்தமும் வெளிய வராது. வெளிச் சத்தமும் உள்ள போகாது. தாயா இருந்து எவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கு பாத்தியா.

காய்ச்சல் எறங்குன பெறகு கொஞ்சம் பக்குவமாச் சொன்னேன். மாப்பிள்ளைய வெளிச் செட்டுல தங்க வச்சிருக்கோம், நோய் இல்லைன்னு தெரிஞ்சதும் உள்ள விட்டுருவோம்னு. நம்புனா. தன் சோத்துல பாதிய எடுத்து வச்சு, "அவருக்குக் குடுத்துருங்க"ன்னு அனுப்புவா. நான் வாங்கிட்டு வருவேன். கேட்டுக்கு வெளிய இருக்கறவனுக்குச் சோறு போட்டா, அதப் பாத்து நூறு பேரு வருவான். அதனால நாய்க்குப் போட்டேன். வீணாக்கல.

அவன் போகவே இல்ல தம்பி. அதான் பெரிய தலைவலியாப் போச்சு. மில்லு போர்டுக்குக் கீழ நெழல்ல உக்காந்திருப்பான். நான் கேட்டுப் பக்கம் வந்தா எந்திரிச்சு நிப்பான். "ரேணு சாப்பிட்டாளா அத்தே? காய்ச்சல் விட்டுருச்சா?" இதே கேள்விதான். என்னைய உள்ள விடுங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. திமிரு. ஓடைத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு, காசிலிங்கம் எனக்குத் தெரியாம எறிஞ்ச ரொட்டியத் தின்னுக்கிட்டுக் கெடந்தான்.

இவ உள்ள சும்மா இருந்தாளா? குடோன் சன்னலக் கழட்டப் பாத்தா. ஒரு நாள் வெளிய வந்து சுவருல ஏறிட்டா, காலப் பிடிச்சு இழுத்தோம். இப்படியே விட்டா ரெண்டும் சேந்து கேட்டத் தொறந்துரும். உள்ள அத்தனை பிள்ளைக. நான் எல்லாருக்கும் பொறுப்பாளி. ஒரு முடிவு எடுக்க வேண்டியதாப் போச்சு.

அவ கழுத்துல அவன் கட்டுன தாலி கெடந்துச்சு, சின்னதாச் சிலுவை போட்டது. இரும்பு, தங்கம் எதுவும் உடம்புல இருக்கக் கூடாதுன்னு புது உத்தரவுன்னு சொன்னேன். கழட்டித் தர மாட்டேன்னா. ரெண்டு பிள்ளைகள விட்டுக் கையப் பிடிக்கச் சொல்லிட்டு நானே கழட்டுனேன். கொண்டு போய்க் கம்பிக்கு நடுவுல அவன் கையில குடுத்தேன்.

"எம்மக போயிட்டாப்பா"ன்னேன். "துடிப்பு வந்துருச்சு. காலையிலேயே எரிச்சுட்டோம்."

அன்னைக்கு மில்லுக்குப் பின்னால பொகை வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. கழிவுப் பஞ்சு எரிச்சோம். அவன் அதையே பாத்தான். "அதுவா?"ன்னு கைய நீட்டிக் கேட்டான். ஆமான்னேன். நான் அழுதேன் தம்பி. நெசமாவே அழுகை வந்துருச்சு. பெத்த பிள்ளைய அப்படி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கேன்னு. என் வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்? அத யாராச்சும் நெனச்சுப் பாக்குறாகளா?

போயிருவான்னுதான் சொன்னது. போயிருந்தா இன்னைக்கு உசுரோட இருந்திருப்பான். நான் என்ன செய்யட்டும்? அவன் போகாம, பொகையப் பாத்தபடியே போர்டுக்குக் கீழ உக்காந்தான். காசிலிங்கம் எறிஞ்ச ரொட்டிய எடுக்கல. மறுநாள் உச்சிக்குப் போய்ப் பாத்தா அப்படியே உக்காந்திருக்கான். தலை மட்டும் சாஞ்சிருந்துச்சு.

துடிச்சானான்னா கேக்குற? இல்ல. ஒரு விரல்கூடத் துடிக்கல. ஆனா எனக்குத் தெரியும், துடிப்புதான். கருவியில வந்தா அது உள்ளயே துடிச்சிருக்கும், வெளிய காட்டாது. எங்கண்ணனுக்கு வரலையேன்னா... அதான் சொன்னேன்ல, அது பழைய கருவின்னு.

நானும் காசிலிங்கமும்தான் பொதச்சோம். நீ லாரி நிறுத்தியிருக்கியே, அதுக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரையில எருக்கலஞ்செடி மண்டிக் கெடக்குல்ல, அங்க. தாலி அவன் கைக்குள்ளயே இருந்துச்சு. விரலப் பிரிக்கப் பாத்தேன், முடியல. போகட்டும்னு விட்டுட்டேன். நான் பேராசக்காரி இல்ல.

ஏன் தம்பி கஞ்சிக் கும்பாவக் கீழ வச்சுட்ட? உன் கை ஏன் அப்படி நடுங்குது? நில்லு, நில்லு. விரல நீட்டு, பாப்போம். உனக்கு அரிசி இருக்கா? சட்டைய மடிச்சுக் காட்டு... ம். சரி. தழும்பு இல்ல. தொலைவு ஓட்டி வந்த கை, அப்படித்தான் இருக்கும். பயந்துட்டேன் போ. இப்ப எங்க துடிப்புங்குறியா? ஐப்பசி மழையோட நின்னுபோச்சுன்னுதான் எல்லாரும் சொல்றாக. சொல்லிட்டுத்தான் ஒவ்வொருத்தியாப் போனாளுக. ராத்திரி ஒருத்திகூட ஓடிப் போகல, பட்டப் பகல்ல, என் கண்ணு முன்னாலயே பொட்டியத் தூக்கிட்டு நடந்தாளுக. போயிட்டு வர்றேன்னு சொல்லல. இப்ப எண்ணிப் பாத்தா போக்கிடம் இல்லாத நாலஞ்சு பிள்ளைகதான் இருக்கு. அதுகளும் என் பக்கத்துல உக்காந்து சாப்பிடாதுக.

எம்மகளுகிட்ட என்ன சொன்னேன்னுதானே கேக்கப் போற? நல்லதாத்தான் சொன்னேன். மாப்பிள்ளை நெஞ்சுக் கருவியில பேட்டரி தீரப் போகுது, மதுரையிலதான் மாத்த முடியும்னு கெளம்பிட்டாரு. அவ ஞாபகமா இருக்கட்டும்னு தாலிய என்கிட்டக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. சரியானதும் வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு. இதத்தான் சொன்னேன். இதுல என்ன கொறை கண்ட? அந்தச் சொல்லுலதான் அவ இந்த ரெண்டு வருசமும் சோறு தின்னா. இல்லைன்னா கெணத்துல விழுந்திருப்பா. தெனமும் வெளக்குமாற எடுத்துட்டுப் போய் கேட்டுக்கு வெளிய, அந்தப் போர்டுக்குக் கீழ கூட்டி விடுவா. அவரு உக்காந்திருந்த எடமாம். காசிலிங்கம் சொல்லியிருப்பாரு. நல்லவேளை, வேற ஒண்ணும் அந்தாளு சொல்லல. சொன்னா அவருக்கும் சோறு கெடையாதுன்னு தெரியும்.

ஆனா எங்கிட்டப் பேச மாட்டா தம்பி. அவர உள்ள விடலைங்குற கோவம். பெத்தவள "ஏங்க"ன்னு கூப்பிடுறா. யாரோ மூணாம் மனுசி மாதிரி. உசுரக் காப்பாத்திக் குடுத்திருக்கேன். அவ புருசன்கூடப் போயிருந்தா ரெண்டும் ரோட்டுல கெடந்து செத்திருக்கும். அம்மான்னு ஒரு சொல்லு, அதுக்குப் பஞ்சம் எனக்கு. இது நியாயமா? நீயே சொல்லு.

சரி. நீ ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யி எனக்கு. கூட்டிட்டுப் போ. வேண்டாங்கல. தடுத்தா அவ கோவம் இன்னும் கூடும். ஆஸ்பத்திரியில ஒரு நாலு நாள் நின்னு பாக்கட்டும். அப்புறம் உன் மச்சினன விட்டு ஒரு வார்த்தை சொல்ல வையி. "அந்த ஆளா? இங்கதான் இருந்தாரு, ஒரு நர்ஸம்மாவக் கட்டிக்கிட்டு எங்கயோ போயிட்டாரே"ன்னு. அவ்வளவுதான். செத்துட்டான்னு மட்டும் சொல்லிராத. செத்தவன மறக்க மாட்டா. துரோகம் பண்ணுனவன்னா ஒரு மாசம் அழுதுட்டுத் துடைச்சுப் போட்டுருவா. நீ உப்பு கொண்டு வர்ற அடுத்த நடையில அவளக் கூட்டிட்டு வந்துரு. வேற போக்கிடம் ஏது அவளுக்கு? அம்மா மடிதானே.

எந்திரிக்காத, அவளே வந்துட்டா பாரு. தலைவாரிப் பூ வேற வச்சிருக்கா. செடியில இருந்த பிச்சிப்பூவ மொட்டோட பறிச்சுட்டா போல. முகத்தத் தொடச்சுக்கோ தம்பி, அவ பாத்தா என்னமோன்னு நெனச்சுக்குவா.

வாடி. எல்லாம் எடுத்துக்கிட்டியா? தண்ணி எடுத்துக்கிட்டியா? இந்தா, ரொட்டி சுட்டு வச்சிருக்கேன், வழியில ரெண்டு பேரும் சாப்பிடுங்க. என்ன, கால்ல விழுற? எந்திரி, எந்திரி. நல்லா இரு.

என்னடி கேக்குற? சத்தமாச் சொல்லு.

அவரக் கூட்டிட்டு வந்தா இந்தத் தடவ உள்ள விடுவேனான்னா கேக்குற?

விடுவேன்டி தங்கம். கூட்டிட்டு வா. நானே கேட்டத் தொறந்து, ஆரத்தி எடுத்து உள்ள கூப்பிட்டுக்கிறேன். சத்தியமா. போதுமா?

கேட்டியா தம்பி? "வர்றேம்மா"ன்னா. அம்மான்னு சொல்லிட்டா. உன் காதுல விழுந்துச்சுல்ல?

காசிலிங்கம், ஏன் அங்க நின்னு கண்ணக் கசக்கிக்கிட்டிருக்கீரு? கேட்டத் தொறந்து விடும். பிள்ளைக்கு நேரமாகுது.